இருபத்தைந்து கட்டை, ஒரு வீல்

மிடி கீபோர்டு ஒன்றை வாங்கி வந்து, உறையைப் பிரித்து, ஆசையாக ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சத்தமும் வராது. கோளாறு இல்லை, அதன் பிறவியே அப்படி. அதற்குள் ஸ்பீக்கர் கிடையாது, பெரும்பாலான மாடல்களில் ஒலியை உண்டாக்கும் சிப்பும் கிடையாது. கட்டையை அழுத்தியதும் கேபிள் வழியே போவது மூன்றே மூன்று எண்கள். உதாரணமாக 144, 60, 64. முதல் எண், ‘முதல் சேனலில் ஒரு கட்டை அழுத்தப்பட்டது’ என்கிறது. இரண்டாவது, அது நடு சி என்கிறது. மூன்றாவது, விரல் இறங்கிய வேகத்தைச் சொல்கிறது. இந்த எண்கள் போய்ச் சேரும் இடத்தில்தான் புல்லாங்குழலோ வயலினோ நாதஸ்வரமோ பிறக்கிறது. ஸ்வரக் குறிப்பு எழுதிய நோட்டுப் புத்தகம் தானாகப் பாடாதே, அதுபோல.

மிடி என்ற இந்த எண் மொழிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதற்கு முன்பு ஒரு கம்பெனியின் சிந்தசைசர் பேசுவது இன்னொரு கம்பெனியின் சிந்தசைசருக்குப் புரியாது. 1981இல் அமெரிக்காவின் டேவ் ஸ்மித் ஒரு பொது மொழிக்கான யோசனையை முன்வைத்தார். ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ காகெஹாஷியும் அதே எண்ணத்தில் இருந்தார். 1983 ஜனவரியில், கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் ஸ்மித்தின் புராஃபெட்-600 கருவியையும் ரோலண்டின் ஜூபிடர்-6 கருவியையும் கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தது இன்னொன்றில் ஒலித்தது. யாரும் உரிமத் தொகை கேட்கவில்லை. அதனால்தான் இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பொம்மை போன்ற கருவியும் அதே மொழியைப் பேசுகிறது. இருவருக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. முப்பது வருடம் தாமதம்தான்.

தமிழ்நாட்டுக்கு அது வந்துசேர அதிக காலம் ஆகவில்லை. 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா யமஹாவின் சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கணினியைப் பயன்படுத்தினார். இந்திய சினிமாவில் கணினி சீக்வென்சரில் இசை அமைக்கப்பட்ட முதல் படம் என்று அதைச் சொல்வது வழக்கம். 1984இல் சந்தைக்கு வந்த அந்தக் கணினிக்குத் தனியாக வாங்கிப் பொருத்தும் கீபோர்டுகளும் இருந்தன: ஒன்றில் குட்டிக் கட்டைகள், இன்னொன்றில் முழு அளவுக் கட்டைகள். குட்டியா, பெரிசா என்று இன்று வாங்குபவர் மண்டையைக் குடைந்துகொள்ளும் கேள்வி அன்றே இருந்திருக்கிறது.

இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த திலீப் என்ற இளைஞர், பிறகு ஏ.ஆர்.ரஹ்மானாகி, கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஸ்டூடியோவைக் கட்டினார். 1992இல் ‘ரோஜா’வின் பாட்டுகள் அங்கிருந்துதான் வந்தன. வீட்டில் உட்கார்ந்து, சில கருவிகளையும் ஒரு கணினியையும் வைத்து, ஊரே கேட்கும் இசையை உருவாக்க முடியும் என்பதற்குத் தமிழர் கண்முன் நின்ற முதல் பெரிய உதாரணம் அது. அந்த ஸ்டூடியோவுக்கு அன்று ஆன செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதே வேலையின் அடிப்படைப் பகுதியை இன்று ஒரு பழைய லேப்டாப்பும் இரண்டடி நீளமுள்ள கீபோர்டும் செய்துவிடும்.

இனி ஓர் உதாரண ஊராகத் தா.பழூருக்கு வரலாம். அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம், ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே இருக்கும் ஒன்றியத் தலைமையூர். மதனத்தூர் பாலத்தைத் தாண்டி நீலத்தநல்லூரில் இறங்கினால் கும்பகோணம் பக்கம். இசைக்குப் பஞ்சமான மண் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாதஸ்வரமும் தவிலும் விளைந்த பூமி. ஆனால் இப்படியோர் ஊரில் மிடி கீபோர்டு வாங்க நினைப்பவர் அதைத் தொட்டுப் பார்த்து வாங்குவது அரிது. செல்போனில் படம் பார்த்து, அட்டவணையைப் படித்து, பணம் கட்டி, பார்சலுக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே அட்டவணையில் எந்த வரி முக்கியம், எந்த வரி வெறும் அலங்காரம் என்று தெரிந்திருப்பது அவருக்குச் சென்னைக்காரரைவிட அவசியம்.

எல்லோரும் முதலில் பார்ப்பது கட்டைகளின் எண்ணிக்கையை. 25, 32, 37, 49, 61, 88 என்று வரிசையாக வருகின்றன. பியானோ படிப்பவருக்கும், இரண்டு கையாலும் கார்டு போட்டு சினிமாப் பாட்டு வாசிப்பவருக்கும் 49க்குக் கீழே போனால் இடது கைக்கு இடம் இருக்காது. அவர்கள் சிறிய கீபோர்டு வாங்கிவிட்டு வருந்துவதில் நியாயம் உண்டு. ஆனால் ராகம் வாசிக்க, மெட்டுப் போட, பாட்டுக்குக் குழல் பகுதியை எழுத 25 கட்டை குறைவு என்று நினைப்பது தப்பு.

கணக்கைப் பாருங்கள். 25 கட்டை என்றால் இரண்டு ஸ்தாயி. அநேகமாக எல்லா மாடலும் சி-யில் தொடங்கி சி-யில் முடியும். கர்நாடக இசைக் கீர்த்தனைகள் பெரும்பாலும் மந்த்ர பஞ்சமத்துக்கும் தார பஞ்சமத்துக்கும் இடையில் அடங்கிவிடும். அதுவும் சரியாக இரண்டு ஸ்தாயி. சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்கிற நம் வழக்கப்படி சி ஒரு கட்டை, எஃப் நான்கு கட்டை, ஜி ஐந்து கட்டை. இப்போது எஃப் கட்டையை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், கீபோர்டின் இடக்கோடி சி மந்த்ர பஞ்சமமாகவும் வலக்கோடி சி தார பஞ்சமமாகவும் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு கட்டைகூட வீணாகாது. பாடுபவருக்கு ஐந்து கட்டை வேண்டுமா? டிரான்ஸ்போஸ் பொத்தானில் இரண்டு கூட்டினால் போதும். ஆண் குரலுக்கு ஒரு கட்டை வேண்டுமா? ஐந்து குறைத்தால் சரி. விரல் பழக்கம் மாறாது. டிரான்ஸ்போஸ் வசதி இருக்கிறதா என்பதை அட்டவணையில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆக்டேவ் பொத்தான் வேறு, இது வேறு.

கட்டைகளை எண்ணியது போதும். தமிழ்க் காதுக்கு வேண்டியது கட்டைகளுக்கு இடையில் இருக்கிறது.

இது புதிய பிரச்சினை இல்லை. ஹார்மோனியம் இந்தியாவுக்கு வந்து, நாடகக் கொட்டகையிலும் கூத்து மேடையிலும் பஜனை மடத்திலும் கோலோச்சியபோதே பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அது தாவும். வழுக்கிப் போகாது, அசையாது. அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்துக்குத் தடையே போட்டது. தடை தளர 1971 ஆயிற்று. பண்டிதர்கள் சொன்ன காரணங்களில் அரசியல் இருந்தது, பிடிவாதமும் இருந்தது. ஆனாலும் கமகம் வராது என்ற ஒரு குறை மட்டும் கருவியின் உடம்பிலேயே இருந்த உண்மை.

ஹார்மோனியக்காரரின் வலது கை வாசிக்கும், இடது கை துருத்தியை இயக்கும். மிடி கீபோர்டில் துருத்தி இல்லை. இடது கை சும்மா கிடக்கிறது. அந்தக் கைக்குக் கிடைத்த வேலைதான் பிட்ச் பெண்ட். கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் ஒரு சிறு வீல். முன்னால் தள்ளினால் ஒலிக்கும் ஸ்வரம் மேலே வழுக்கும், பின்னால் இழுத்தால் இறங்கும், விட்டால் ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். கீபோர்டு சத்யநாராயணன் போன்றவர்கள் மேடையில் முழுக் கச்சேரி செய்வது இந்த வீலை நம்பித்தான். வலது கை ஸ்வரத்தைப் பிடிக்க, இடது கை அதை அசைக்கிறது.

அதன் கணக்கும் சுவையானது. பெரும்பாலான மென்பொருள்களில் வீல் மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் மட்டுமே நகர்த்தும்படி அமைத்திருப்பார்கள். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். அது ஓர் இடத்தில் நிற்காது. கீழே சுத்த ரிஷபத்தையும் மேலே சுத்த மத்யமத்தையும் தொட்டு ஊசலாடும். சாதாரண காந்தாரத்திலிருந்து இரண்டு பக்கமும் தூரம் எவ்வளவு? தலா இரண்டு அரைச்சுரம்! எங்கோ யாரோ வேறெதையோ நினைத்து வைத்த அளவு தோடிக்குத் தைத்த சட்டையாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே ஜாருவில், அதாவது வழுக்கலில், போக ஏழு அரைச்சுரம் வேண்டும். அப்போது மென்பொருளில் பெண்ட் ரேஞ்ச் என்ற அந்த அளவைப் பன்னிரண்டுக்கு உயர்த்த வேண்டியிருக்கும்.

மலிவு மாடல்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மிடி மொழியில் வேகத்துக்கும் கட்டைக்கும் 128 படிகள்தான். பிட்ச் பெண்டுக்கு மட்டும் 16,384 படிகள் ஒதுக்கியிருக்கிறார்கள், காது சுருதியில் எவ்வளவு கறார் என்று தெரிந்து. ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்குக்கு சென்ட் என்று பெயர். பழகிய காது ஐந்தாறு சென்ட் விலகலைக் கண்டுபிடித்துவிடும். ரேஞ்சைப் பன்னிரண்டாக வைத்தால் வீலின் முழு வீச்சு 2,400 சென்ட். அதை 16,384 படிகளால் வகுத்தால் ஒரு படி 0.15 சென்ட், எந்தக் காதுக்கும் அது வழுக்கல்தான். ஆனால் சில கருவிகள் செலவைக் குறைக்க 128 படிகளை மட்டுமே அனுப்பும். அப்போது ஒரு படி கிட்டத்தட்ட 19 சென்ட். ஜாரு மாடிப்படி ஏறத் தொடங்கிவிடும். சில மென்பொருள்கள் படிகளை மெழுகி ஒப்பேற்றும். எல்லாவற்றையும் நம்ப முடியாது.

வீலே இல்லாத மாடல்களும் உண்டு. ஆகாயின் எல்பிகே25 சின்னதாக, அழகாக இருக்கும். பிட்ச் பெண்ட் கிடையாது. கோர்க் நானோகீ2-வில் வீலுக்குப் பதில் இரண்டு பொத்தான்கள். பொத்தானால் கமகம் போடுவது நடக்கிற காரியம் இல்லை. அதிகம் விற்கும் ஆகாய் எம்பிகே மினியின் பல பதிப்புகளில் கட்டைவிரல் அளவு ஜாய்ஸ்டிக் இருக்கிறது: இடம் வலம் தள்ளினால் சுருதி நகரும், மேலே கீழே தள்ளினால் மாடுலேஷன். ஸ்வரத்தை ஊசலாட்டி அசைக்கும்போது விரல் கொஞ்சம் சாய்ந்தால் வேண்டாத நடுக்கமும் சேர்ந்துகொள்ளும். மென்பொருளில் மாடுலேஷனை அணைத்துவிட்டு வாசிப்பது நல்லது. ஆர்டூரியா மினிலேப் 3-இல் தொடுபட்டை. வீணைத் தந்தி மாதிரி தேய்க்கலாம் என்று தோன்றும், ஆனால் இப்படிப்பட்ட பட்டைகள் பலவற்றில் தொட்ட இடத்துக்குச் சுருதி சட்டென்று தாவும். நடுவில் தொட்டுத் தொடங்கப் பழக வேண்டும். ஸ்பிரிங் வைத்த உண்மையான வீல் வேண்டுமென்றால் கீபோர்டின் அளவு பெரும்பாலும் கொஞ்சம் வளரும். கர்நாடக இசைக்காக வாங்குபவர் அந்தக் கூடுதல் அரையடியைச் சுமப்பதே சரி என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

இன்னொரு சிக்கல், பிட்ச் பெண்ட் ஒரு சேனல் முழுவதையும் சேர்த்து வளைக்கும். ஸ-ப பிடித்துக்கொண்டே காந்தாரத்தை அசைத்தால் ஸ-பவும் கூடவே ஆடும். தம்புராவைத் தனி டிராக்கில் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிச் சேனல் கொடுத்து, விரலுக்கு விரல் தனித்தனியாக வளைக்கும் எம்பிஇ என்ற முறை 2018இல் அதிகாரபூர்வ தரமாயிற்று. அதற்கும் வெகு முன்பே அமெரிக்கப் பேராசிரியர் லிப்போல்ட் ஹாகன், கட்டைகளே இல்லாமல் மெத்தென்ற பரப்பில் விரலை இழுத்து வாசிக்கும் கண்டினியம் கருவியை உருவாக்கியிருந்தார். 2009இல் வந்த ‘டெல்லி-6’ படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாட்டில் ரஹ்மான் வாசித்தது அதைத்தான். விலை கேட்டால் தா.பழூரில் மட்டுமல்ல, மயிலாப்பூரிலும் மூச்சு முட்டும்.

அடுத்தது, விரலின் வேகம். அடியின் பலத்தைக் கட்டைகள் நேரடியாக அளப்பதில்லை. ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ரப்பர் குமிழுக்குள் இரண்டு தொடுமுனைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடும்படி வைத்திருக்கிறார்கள். முதலாவது மூடியதற்கும் இரண்டாவது மூடியதற்கும் இடைப்பட்ட நேரத்தை உள்ளிருக்கும் சிப் அளக்கிறது. நேரம் குறைந்தால் ஓங்கி அடித்திருக்கிறார் என்று பொருள். முழு அளவுக் கட்டை ஆழமாக இறங்கும். இடைவெளி நேரத்தை நிதானமாக அளக்கலாம். குட்டிக் கட்டை இறங்கும் ஆழம் குறைவு. மெதுவான அடிக்கும் வேகமான அடிக்கும் உள்ள வித்தியாசம் மில்லி விநாடிகளில் நசுங்கிவிடும். மினி கீபோர்டில் ஒன்று கத்துகிறது, இல்லையென்றால் முனகுகிறது என்று வாசிப்பவர்கள் குறைப்படுவது இதனால்தான். வெலாசிட்டி கர்வ் என்ற அமைப்பை மாற்றிப் பார்த்தால் பாதி குறை தீரும்.

அகலத்திலும் ஒரு சமரசம் உண்டு. பியானோவின் வெள்ளைக் கட்டை ஏறக்குறைய 23.5 மில்லிமீட்டர். 25 கட்டை கீபோர்டில் 15 வெள்ளைக் கட்டைகள். முழு அளவில் வைத்தால் அதற்கே 35 சென்டிமீட்டர் போய்விடும். எம்பிகே மினியின் பல பதிப்புகளில் மொத்த உடலே 32 சென்டிமீட்டருக்குள் முடிகிறது. பெரிய விரல்காரர்கள் இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு நடுவில் விரலை நுழைக்கத் திணறுவார்கள். பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோகும் சௌகரியத்துக்குக் கொடுக்கும் விலை அது.

பேடுகள், நாப்கள், வண்ண விளக்குகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பறை, தவில் சொற்களைத் தட்டிப் பதிவு செய்ய எட்டு பேடுகள் உதவும். மற்றதெல்லாம் மவுஸாலும் ஆகிற வேலை.

கீபோர்டைவிட அதிகம் காலை வாருவது தாமதம். பழி மட்டும் கீபோர்டின் மேல் விழும். பழைய ஐந்துமுனைக் கேபிளில்கூட மிடி விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் போகிறது. மூன்று எண்கள் கொண்ட ஒரு செய்தி கடக்க ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. தாமதம் லேப்டாப்புக்குள் நடக்கிறது. ஒலியைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டித்தான் கணினி வெளியே அனுப்பும்; அதற்கு பஃபர் என்று பெயர். பொட்டலத்தில் 256 மாதிரிகள் இருந்தால் ஆறு மில்லி விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. 1,024 என்றால் 23. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் தவில்காரரின் அடி நாதஸ்வரக்காரர் காதுக்கு வந்துசேரவே ஒன்பது மில்லி விநாடி ஆகிறது. அதில் யாரும் தாளம் தப்புவதில்லை. ஆகவே பத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. இருபதைத் தாண்டினால் விரல் தடுமாறும். புளூடூத் ஹெட்போன் போட்டால் பெரும்பாலும் நூறைத் தாண்டிவிடும், அதில் வாசிக்கவே முடியாது. கம்பி வைத்த சாதாரண ஹெட்போன்தான் இங்கே ராஜா.

2011 முதல் அரசு பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப் அரியலூர் மாவட்டத்திலும் பல வீடுகளில் இருக்கிறது. அதன் புராசசருக்கு 256 பஃபர் பாரமாக இருந்து, ஒலி பொரியலாம். விண்டோஸில் ஆசியோ வகை டிரைவர் ஒன்றை இலவசமாக நிறுவினால் நிலைமை தேறும். எல்எம்எம்எஸ் போன்ற இலவச மென்பொருள் அந்த மெஷினிலும் ஓடும். லேப்டாப் இல்லாதவர் ஆண்ட்ராய்டு போனில் ஓடிஜி கேபிள் போட்டு இணைக்கலாம். 2015இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்தே ஆண்ட்ராய்டுக்கு மிடி தெரியும். ஆனால் போனுக்குப் போன் ஒலித் தாமதம் வேறுபடும், வாங்குவதற்கு முன் போனிலேயே ஒரு பியானோ ஆப்பைத் தட்டிப் பார்த்துவிடுவது மேல்.

சிறிய கீபோர்டு யுஎஸ்பி வழியாக வரும் ஐந்து வோல்ட்டிலேயே ஓடும். கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரி இருக்கும்வரை வேலை நிற்காது. எர்த் சரியில்லாத வீட்டில் சார்ஜர் செருகியதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்கும். மிடி எண்களுக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை. இரைச்சல் ஒலி வெளியேறும் வழியில் சேர்வது. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாட்டை முடிக்கலாம்.

புதிதாக வாங்கவே வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. வீட்டிலோ தெரிந்த ஆர்க்கெஸ்ட்ராக்காரரிடமோ பழைய கேசியோ, யமஹா கீபோர்டு இருந்தால் அதன் முதுகைப் பார்க்க வேண்டும். ‘யுஎஸ்பி டு ஹோஸ்ட்’ என்றோ வட்டமான ஐந்து துளை மிடி சாக்கெட்டோ இருந்தால் அதுவும் மிடி கீபோர்டுதான். இந்தியாவுக்கென்றே தபேலா, தம்புரா ஒலிகளோடு யமஹா விற்கும் பிஎஸ்ஆர்-ஐ வரிசை ஊர்ப்புறங்களில் சகஜம். முழு அளவுக் கட்டை, சொந்த ஸ்பீக்கர், கணினி தூங்கினாலும் வாசிக்கலாம். பையில் அடங்காது என்ற ஒரே குறை. சிலவற்றில் பெண்ட் வீல் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

பார்சல் வந்த அன்றே ஒரு சோதனை செய்துவிட வேண்டும். திருப்பி அனுப்பும் கெடு சில நாள்தான். மிடி மானிட்டர் என்று தேடினால் இலவசமாகவே பல கிடைக்கும். கீபோர்டு அனுப்பும் எண்களை அது திரையில் அப்படியே காட்டும். ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் வேகமாகவும் அழுத்தி, வேக எண் 20, 30லிருந்து 120 வரை சீராக ஏறுகிறதா என்று பார்க்கலாம். ஒரு கட்டை மட்டும் எப்போதும் 127 காட்டினால் அதன் தொடுமுனையில் கோளாறு. பிறகு வீலை முடிந்தவரை மெதுவாகத் தள்ள வேண்டும். எண் 128, 128 ஆகத் தாவினால் அது படிக்கட்டு ரகம். கடைசியாக வீலைச் சடாரென்று விட வேண்டும், நாலைந்து முறை, இரண்டு பக்கத்திலிருந்தும். ஒவ்வொரு முறையும் எண் 8,192இல் வந்து நிற்க வேண்டும். 8,300இலோ 8,050இலோ தங்கினால், அடுத்து வாசிக்கும் ஸட்ஜம் தம்புராவோடு சேராது. அந்தப் பெட்டியைத் திரும்பக் கட்டிவிடலாம்.